ரெண்டு பைனாகுலர், ஒரு சம்பந்தம்

குளத்தின் மேல் பனி இன்னும் கலையவில்லை. எனக்கு இடப்பக்கம் ஒரு கை தூரத்தில் செல்லமுத்து நிற்கிறார். அவர் கழுத்தில் ஒரு பைனாகுலர், என் கழுத்தில் ஒன்று. எங்களுக்குப் பின்னால் கரைச் சரிவில் ஜமுக்காளம் விரித்து, என் கணவர் அந்தோணி ஒரு மூலையிலும் செல்லமுத்துவின் மனைவி ருக்குமணி இன்னொரு மூலையிலும் உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் இட்லித் தூக்கு. அதை யாரும் திறக்கவில்லை.

"மொதல்ல நீங்க பாருங்க டீச்சர்" என்றார் செல்லமுத்து.

"உங்க ஊருக் குளம்ணே. நீங்களே பாருங்க."

"அட, பரவால்லீங்க. விருந்தாடிங்கதான் மொதல்ல."

கேட்பவர்களுக்கு இது மரியாதை மாதிரி இருக்கும். உண்மையில் முதலில் பார்க்கிறவர் முதலில் ஒரு பறவையின் பெயரைச் சொல்லியாக வேண்டும். தப்பாகச் சொன்னால் மற்றவர் திருத்துவார். அந்தச் சந்தர்ப்பத்தை அவருக்குக் கொடுக்க நான் தயாராக இல்லை. எனக்குக் கொடுக்க அவரும் தயாராக இல்லை.

அந்தக் காலையில் எந்தப் பைனாகுலர் ஜெயிக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் எங்கள் மகளின் கல்யாணம் நடக்கும் என்று அந்தோணி உறுதியாக நம்பிக்கொண்டிருந்தார். இட்லியைத் திறக்காததற்குக் காரணம் அதுதான்.

குக்குறுவான் கைகொடுத்தது

என் மகள் ஜெஸி கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள் என்று முந்தைய வாரங்களில் எழுதியிருக்கிறேன். அதே கம்பெனியில் பிரபு. நெய்க்காரப்பட்டிப் பக்கம் தென்னந்தோப்புக்காரர் வீட்டுப் பையன். பழனி முருகனைக் கும்பிடுகிற குடும்பம். நாங்கள் திண்டுக்கல் டவுனில் தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கர்கள். நான் பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் நடத்தி ரிடையர் ஆனவள். அந்தோணிக்குப் பெயிண்ட் கடை.

ரெண்டு வீட்டிலும் முதலில் மாட்டோம் என்றோம். அப்புறம் பார்க்கலாம் என்றோம். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நாங்கள் வீட்டுக்கு வருகிற நேரத்துக்கு அவர்கள் கார் வாசலில் நின்றது.

செல்லமுத்து நெற்றி நிறைய விபூதியோடு வந்தார். எங்கள் சுவரில் திரு இருதய ஆண்டவர் படமும் அதன் கீழே சின்னச் சிவப்பு பல்பும். அவர் படத்தைப் பார்த்துவிட்டு ஃபேனைப் பார்த்தார். நான் விபூதியைப் பார்த்துவிட்டு ஃபேனைப் பார்த்தேன். அந்தோணி ஏற்கெனவே ஃபேனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். காபி வந்தது. ருக்குமணி டம்ளரைக் கையில் வாங்கி மடியருகே வைத்துக்கொண்டார், குடிக்கவில்லை. காபியின் மேல் ஆடை படிந்தது.

அப்போது ஜன்னலுக்கு வெளியே, பக்கத்து வீட்டு ஆலமரத்தில் டொக், டொக், டொக் என்று சத்தம்.

"குக்குறுவான்" என்றேன் நான்.

அதே நொடியில் "குக்குறுவானுங்க" என்றார் செல்லமுத்து.

ரெண்டு பேரும் ஒருவரை ஒருவர் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தோம். பிறகு அரைமணி நேரம் மற்றவர்கள் அறையில் இருப்பதே எங்களுக்குத் தெரியவில்லை. அவர் தோப்பில் பொன்முதுகு மரங்கொத்தி இருக்கிறது. எனக்கு குஜிலியம்பாறைப் பக்கம் பொட்டல் காட்டில் கல்குருவி தெரியும். அவர் கல்குருவியைப் பார்த்ததே இல்லை. "அவசியம் கூட்டிட்டுப் போறேண்ணே" என்றேன். "நீங்க தோப்புக்கு வாங்க டீச்சர், மரங்கொத்தி காட்டறேன்" என்றார். அந்தோணியின் முகத்தில் புது பெயிண்ட் அடித்த பளபளப்பு. ஜெஸி கதவோரத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்த இடத்தில் எழுந்து கைகூப்பி வழியனுப்பியிருந்தால் இந்த வாரம் எழுத ஒன்றும் இருந்திருக்காது.

"இருங்க டீச்சர், கார்ல என்ற பைனாகுலர் இருக்குது. எடுத்தாரேன்" என்று செல்லமுத்து எழுந்தார். நானும் என்னுடையதை எடுக்க உள்ளே போனேன்.

நேராக ஒன்று, தோள் விரிந்து ஒன்று

தெரியாதவர்களுக்காகச் செத்த நேரம் டீச்சராகிவிடுகிறேன்.

பைனாகுலரின் முன்கண்ணாடி வழியாக வருகிற படம் தலைகீழாகத்தான் வரும். அதை நிமிர்த்திக் கொடுக்க உள்ளே ப்ரிசம் இருக்கிறது. பாடப்புத்தகத்தில் முழு அக எதிரொளிப்பு என்று படித்து மறந்திருப்பீர்களே, அதுதான் அங்கே நடக்கிறது. போரோ வகையில் ரெண்டு ப்ரிசத்தைத் தள்ளித் தள்ளி வைத்திருப்பார்கள். ஒளி படிக்கட்டில் இறங்குகிற மாதிரி திரும்பித் திரும்பி வரும். அதனால் கண் வைக்கிற இடம் ஒடுக்கமாகவும் முன்பக்கம் அகலமாகவும், தோள் விரித்து நிற்கிற ஆள் மாதிரி இருக்கும். ரூஃப் வகையில் ப்ரிசத்துக்குக் கூரை முகடு போல ஒரு விளிம்பு உண்டு. ஒளி உள்ளேயே மடங்கி நேர்க்கோட்டில் வெளியே வந்துவிடும். பார்க்க ரெண்டு நேர்க்குழாய், அவ்வளவுதான்.

எங்கள் பள்ளிக்கூட லேபில் உடைந்துபோன போரோ ஒன்று கிடந்தது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்ட அதை நான் பிரித்தேன். ப்ரிசத்தைக் கையில் எடுத்துப் பார்த்த அன்றைக்கு எனக்குக் கிறுக்குப் பிடித்தது. சொந்தமாக ஒரு போரோ வாங்கி, அதைச் சும்மா வைத்திருக்க முடியாமல் பறவை பார்க்க ஆரம்பித்தவள் நான். மற்றவர்கள் பறவைக்காகப் பைனாகுலர் வாங்குவார்கள். எனக்கு எல்லாம் தலைகீழ்.

அந்த ஆரம்ப நாட்களில் மொட்டை மாடியில் நின்று பார்ப்பேன். எதிர்வீட்டுக்காரர் ஒரு மாதம் ஜன்னலே திறக்கவில்லை. கடைசியில் அவர் மனைவி அந்தோணியிடம் வந்து, "உங்க வீட்டம்மா காலையில அங்கிட்டு நின்னு எங்க வீட்டையே பாக்குறாங்க. என்னன்னு கேட்டுச் சொல்லுங்கண்ணே" என்றார். நான் அவரை மாடிக்குக் கூட்டிப் போய், அவர் வீட்டு முருங்கைப் பூவில் தொங்கிக்கொண்டிருந்த ஊதாத் தேன்சிட்டைக் காட்டினேன். "இம்புட்டு அழகா என் வீட்டுலயா இருந்துச்சு" என்றார். மறுநாள் ரெண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அதற்கப்புறம் எனக்குத்தான் பைனாகுலர் கிடைக்கவில்லை.

சரி, கதைக்கு வருகிறேன். செல்லமுத்து காரிலிருந்து கொண்டுவந்தது ரூஃப். கறுப்பு ரப்பர் உறை, தேயாத புதுசு. என்னுடையதைப் பார்த்ததும் சிரித்தார்.

"ஏனுங்க டீச்சர், இது பட்டாளத்துல பீரங்கிக்கு வெச்சுப் பாக்கறதுங்களா?"

"பழசுதான்ணே. ஆனா ஒரே விலைக்கு வாங்கினா போரோவுலதான் படம் நல்லாருக்கும். ரூஃப்ல பாதிச் செலவு அது நேரா நிக்கிறதுக்கே போயிரும்."

"மழையில எடுத்துட்டுப் போவீங்களா அத? உள்ள தண்ணி போயிராது? இத வாய்க்கால்ல முக்கி எடுத்தாலும் ஒண்ணும் ஆகாதுங்க."

"மழையில எந்தப் பறவை வெளிய வருது?"

"எங்கூர்ல வருமுங்க."

அதோடு விட்டிருக்கலாம். முப்பது வருஷத்துக்கு மேல் பிள்ளைகளை நிற்க வைத்துக் கேள்வி கேட்ட வாய் சும்மா இருக்குமா? "ரூஃப்ல அந்த முகடு படத்த மங்க வைக்கும்ணே. அதுக்குன்னு ஒரு கோட்டிங் போடணும். உங்களதுல போட்டிருக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

செல்லமுத்துவுக்குத் தெரியவில்லை. பெண் பார்க்க வந்த வீட்டில், மனைவி மகன் முன்னால், அவருக்குத் தெரியவில்லை. பைனாகுலரை மெதுவாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், எங்காவது எழுதியிருக்குமா என்று. காது சிவந்துவிட்டது.

அந்தோணி டீபாய்க்கு அடியில் என் காலை மிதித்தார். மிதிபட்டது பிரபுவின் கால். பையன் "ஸ்ஸ்" என்றான். செல்லமுத்து, பையன் கிளம்பச் சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டு எழுந்தார்.

வாசலில் ருக்குமணி முதன்முறையாக வாயைத் திறந்தார். "பாக்கலாமுங்க" என்றார். அந்த ஒரு வார்த்தைதான். கார் போய்விட்டது.

போன் வராத வாரம்

திங்கட்கிழமை போன் வரவில்லை. செவ்வாய், புதன் வரவில்லை. ஜெஸி மட்டும் கோயம்புத்தூரிலிருந்து தினம் பேசினாள்.

"ஏம்மா, சாமி வேற, சாதி வேற, சாப்பாடு வேற. இது எல்லாத்தையும் தாண்டி வந்து நின்னோம். நீ கண்ணாடியில கவுத்துட்டியேம்மா."

"கண்ணாடி இல்லடி, ப்ரிசம்."

லைனைத் துண்டித்துவிட்டாள்.

அந்தோணி கோபப்படுகிற ஆள் இல்லை. கடையிலிருந்து மத்தியானம் சாப்பிட வந்தவர் வெஞ்சனத்தைத் தொடாமல் வெறும் ரசச் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "ஒண்ணு எனாமல், ஒண்ணு எமல்ஷன். எது நல்லதுன்னு கடைக்கு வாரவன் தினம் கேக்குறான். எந்தச் சுவருக்குன்னு கேட்டுட்டுத்தான் நான் பதில் சொல்லுவேன். நீ சுவரே இல்லாம சண்டை போட்டுட்டு வந்திருக்க."

எனக்கும் தூக்கம் சரியில்லை. மகளை நினைத்தா என்றால், அதுவும்தான். இன்னொரு பக்கம், என் போரோவைக் கொஞ்சம் ஈரத்துணியால் துடைத்துப் பார்த்ததில் உள்கண்ணாடியின் ஓரத்தில் லேசாகப் பூசணம் தெரிந்தது. மழைக்காலத்தில் பிடித்திருக்க வேண்டும். அவர் சொன்னது சரி. இதை யாரிடமும் சொல்லவில்லை.

சனிக்கிழமை போன் வந்தது.

"டீச்சர், செல்லமுத்து பேசறனுங்க."

"சொல்லுங்கண்ணே."

"கோட்டிங் இருக்குதுங்க."

"என்னண்ணே?"

"முகட்டுக்குக் கோட்டிங். போட்டிருக்கறாங்க. வாங்கின எடத்துல கேட்டுட்டனுங்க." உடனே அடுத்ததற்குத் தாவினார். "எங்கூர்க் கொளத்துல தண்ணி நெறஞ்சு கெடக்குதுங்க. பறவ எறங்கியிருக்குது. எல்லாருமா நாளைக்கு ஞாயித்துக்கெழம வாங்க. உங்களதையும் எடுத்துட்டு வாங்க. ரெண்டையும் வெச்சுப் பாத்துருவோம்."

கல்யாணத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த வாரம் முழுக்க அவரும் என்னைப் போலவேதான் இருந்திருக்கிறார் என்று தெரிந்ததும், எனக்கு அந்த மனிதரை ரொம்பப் பிடித்துப்போனது. அதற்காகத் தோற்றுக்கொடுக்க முடியாது.

குளக்கரையில்

அப்படித்தான் நாங்கள் அந்தக் கரையில் நின்றோம். தெற்கே கொடைக்கானல் மலை நீலமாக எழுந்து நின்றது. தண்ணீருக்கு மேல் புகைபோல ஈரம். பிள்ளைகள் ரெண்டு பேரும் வந்த கையோடு, மடைப் பக்கம் தாமரை இருக்கிறதாம் என்று சொல்லிவிட்டு அக்கரைக்குப் போய்விட்டார்கள்.

கடைசியில் ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் தூக்கிப் பார்ப்பது என்று முடிவானது.

தூரத்துக் கோரைக்குள் புள்ளிமூக்கு வாத்துக் கூட்டம். நான் பார்த்துவிட்டு என்னுடையதை அவரிடம் நீட்டினேன். அவர் பார்த்தார், பார்த்துக்கொண்டே நின்றார்.

"இதுல, கோர முன்னால நிக்குது, வாத்து பின்னால நிக்குதுங்க" என்றார் கடைசியில். "என்றதுல ரெண்டும் ஒட்டின மாதிரியில்ல இருந்துச்சு."

"முன்கண்ணாடி ரெண்டும் தள்ளித் தள்ளி இருக்குல்லண்ணே. அதான் ஆழம் தெரியுது."

"ம்" என்றார். ரொம்பக் கஷ்டப்பட்டு வந்த "ம்".

பிறகு காலடிக்குச் சற்றுத் தள்ளி ஈரமண்ணில் ஒரு வாலாட்டிக்குருவி வந்து இறங்கியது. நான் சக்கரத்தை எவ்வளவு திருப்பியும் போரோவில் அது சாம்பல் நிறப் போண்டாவாகத்தான் தெரிந்தது. கிட்டத்தில் இருப்பதை அது பார்க்காது. செல்லமுத்து ஒன்றும் சொல்லாமல் தன்னுடையதை நீட்டினார். அதில் குருவியின் கண்ணைச் சுற்றியிருந்த மெல்லிசான வெள்ளைக்கோடு வரை தெரிந்தது. கண்ணில் ஒரு புள்ளி வெளிச்சம், அதுகூட.

"தெளிவாத்தாண்ணே இருக்கு" என்றேன். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

இப்படிச் சரிக்குச் சரியாகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் குளத்தின் நடுவே ஒரு கம்பின் மேல் கறுப்பாக ஒன்று தெரிந்தது.

"நீர்க்காகம்" என்றேன்.

"இல்லீங்க டீச்சர், பாம்புத்தாரா. கழுத்தப் பாருங்க."

"கழுத்தா அது? தலையத் திருப்பி வச்சிருக்கு."

"அட, நான் தெனமும் பாக்கற கொளமுங்க இது."

வாதம் முற்றியதில், கையை ஆட்டிப் பேச வசதியாக ரெண்டு பேரும் பைனாகுலரைக் கழற்றி ஜமுக்காளத்தில் வைத்துவிட்டோம். அந்தோணி எழுந்து வந்தார். கையை நெற்றியில் வைத்து வெறும் கண்ணால் பார்த்தார்.

"பிளாஸ்டிக் கேன்" என்றார். "கறுப்பு மேட் ஃபினிஷ். மீன் பிடிக்கிறவங்க வலைக்கு அடையாளமா மாட்டியிருப்பாங்க."

நாங்கள் ரெண்டு பேரும் குளத்தைப் பார்க்கவில்லை, ஒருவரை ஒருவரும் பார்க்கவில்லை.

மீசை ஆலா

"ஏனுங்க" என்று ருக்குமணியின் குரல் பின்னால் கேட்டது. "அங்க ஒரு ஜோடி இருக்குதுங்க."

திரும்பினோம். அவர் கண்ணில் பைனாகுலர். அதுவரைக்கும் அந்தம்மா பைனாகுலரைத் தொட்டதே இல்லை என்று செல்லமுத்து பிறகு சொன்னார். "அவ கேட்டதில்லீங்க" என்று அவர் சொல்ல, "கேட்டாக் குடுத்துருவாரு" என்று அந்தம்மா சொன்னது தனிக்கதை.

அப்போது செல்லமுத்து சுறுசுறுப்பானார். கேனை மறக்கடிக்க அவருக்கு உடனடியாக ஒரு பறவை வேண்டியிருந்தது. "என்ன பண்ணுது?"

"ஒண்ணு இன்னொண்ணக் கோதி உடற மாதிரி இருக்குது."

"ஜோடிப் பறவை அப்படித்தாம்மா கோதிவிடும்" என்றேன் நான். "அலகு எப்படி இருக்கு?"

"மீச இருக்குதுங்க."

செல்லமுத்து என் பக்கம் திரும்பினார். முகம் மலர்ந்துவிட்டது. "மீசை ஆலா டீச்சர். இந்தக் கொளத்துக்கு வருமுங்க. நான்தான் இந்த வருசம் இன்னும் பாக்கல."

"நிறம் என்னம்மா?"

"நீலச் சட்ட போட்டிருக்குது" என்றார் ருக்குமணி.

ஜமுக்காளத்தில் மிச்சமிருந்த பைனாகுலரை நான்தான் முதலில் எடுத்தேன். அக்கரையில் மடைக்குப் பக்கத்தில் ஒரு கல்லின் மேல் ஜெஸி உட்கார்ந்திருந்தாள். கையை ஆட்டி ஆட்டி ஏதோ பேசிக்கொண்டிருந்தாள், என்னைப் போலவே. பிரபு கீழே மண்ணில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவள் சுடிதாரின் ஓரத்தில் ஒட்டியிருந்த நாயுருவி முள்ளை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டிருந்தான். பிய்த்ததைக் கீழே போட்டால் மறுபடி ஒட்டிக்கொள்ளும் என்றோ என்னவோ, தன் நீலச் சட்டைக் கையில் வரிசையாகக் குத்தி வைத்தான். அவள் அதைக் கவனிக்கக்கூட இல்லை. பேசிக்கொண்டே இருந்தாள். அவன் கேட்டுக்கொண்டே பிய்த்தான்.

ருக்குமணி பைனாகுலரை இறக்கினார். முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி தூக்கினார்.

"வூட்டுல அவுத்துப் போட்ட சட்டைய எடுத்து வெக்க மாட்டானுங்க டீச்சர்" என்றார், பார்த்துக்கொண்டே. "தின்ன தட்டு தின்ன எடத்துலயே கெடக்கும். ஒத்தப் பையன்னு நாந்தான் கெடுத்து வெச்சுட்டேன். இவன நம்பி ஒரு பொண்ண எப்படிக் கூட்டியாறதுன்னுதான் எனக்கு அன்னிக்குக் காபி எறங்கலீங்க. நாளைக்கு அது கண்ணக் கசக்கிட்டு உங்க வாசல்ல வந்து நின்னா, நான் எந்த மூஞ்சிய வெச்சுட்டு உங்களப் பாக்கறது?"

அந்த ஒரு வாரமும் அந்தம்மா எங்கள் சிவப்பு பல்பைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறார் என்று நான் நினைத்திருந்தேன். செல்லமுத்து மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவருக்கும் இது புதுசு.

"தை பொறக்கட்டுமுங்க" என்றார் ருக்குமணி. "வெச்சுக்கலாம்."

அந்தோணி இட்லித் தூக்கைத் திறந்தார்.

முதல் இட்லி உள்ளே போனதும் செல்லமுத்துவால் பொறுக்க முடியவில்லை. "ஏம்புள்ள, எதுல பாத்த? டீச்சரோடதுலயா, நம்முளுதுலயா?"

"ரெண்டுலயும் பாத்தனுங்க" என்றார் ருக்குமணி. "ரெண்டுலயும் பொறுக்கிட்டுத்தான் இருந்தான்."

கல்யாணம் ரெண்டு தடவை நடந்தது. எங்கள் கோயிலில் ஒரு தடவை, அவர்கள் கோயிலில் ஒரு தடவை. ரெண்டிலும் அந்தோணி அழுதார்.

அன்றைக்குக் குளக்கரையிலிருந்து கிளம்பும்போது ருக்குமணி என் போரோவைக் கழுத்தில் மாட்டியபடியே காரில் ஏறிவிட்டார். சம்பந்தியம்மாவிடம் திருப்பிக் கேட்க முடியுமா? பூசணம் பிடித்திருப்பதையாவது சொல்லியிருக்கலாம், அதற்கும் வாய் வரவில்லை. ரெண்டு மாதம் வெறுங்கண்ணோடு திரிந்துவிட்டு ஒன்று வாங்கினேன். ரூஃப்தான். மணிக்கட்டு வலிக்கிறது, கனமானது ஆகாது என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.

போன வாரம் செல்லமுத்து பேசினார். தோப்பில் மரங்கொத்தி குஞ்சு பொரித்திருக்கிறதாம். அதைச் சொல்லி முடித்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"டீச்சர், போரோ நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா அவ தர மாட்டேங்கறா."